சூட்டின் எல்லை

அவளுக்கு டிரைவரம்மா என்ற பெயர் வந்தது ஏலக்காரர் வீட்டில்தான். அதற்கு முன்பும் தன் வேலையை அடுத்தவர்களுக்கு விளக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "டிரைவர் எழுதுகிறேன்" என்று சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். அவளுடைய அம்மாவே அக்கம்பக்கத்தில், "பொண்ணு கம்ப்யூட்டருக்கு டிரைவரா இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் மரியாதையாகப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வேலை இதுதான். ஒரு கருவிக்குள் இருக்கும் செயலி, அதாவது பிராசஸர் சிப்பு, எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும், எப்போது கொஞ்சம் கண்ணயரலாம் என்பதையெல்லாம் இயங்குதளத்தின் சார்பில் அதற்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். செயலி வேகமாக ஓடினால் சூடாகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். சூடு ஓர் எல்லையைத் தொட்டால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அந்தக் குறைப்பை எழுதியது அவள். நன்றாகவே எழுதியிருப்பதாகத்தான் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

நிறுவனம் சின்னது. ஒரு கட்டடத்தின் மேல் இரண்டு மாடிகள். கீழே ஒரு பல் மருத்துவர். அவர்கள் செய்து விற்றது ஒரே ஒரு பொருள். நோயால் பேச்சை இழந்தவர்களுக்கான பேசும் பலகை. திரையில் தெரியும் எழுத்துகளைக் கண்ணால் பார்த்தால் போதும். மேலே இருக்கும் கேமரா பார்வை எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, எழுத்து எழுத்தாகக் கோத்து, வாக்கியம் முடிந்ததும் உரக்கச் சொல்லும்.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வீட்டிலிருந்து திரும்பத் திரும்பப் புகார் வந்தது. பாதிப் பேச்சில் குரல் இழுக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து சொல்கிறது என்றார்கள். அலுவலகத்தில் எத்தனை முறை சோதித்தும் அப்படி நடக்கவில்லை. ஏசி அறையில் பலகை சமத்துப் பிள்ளையாக இருந்தது.

"இங்க உக்காந்து மண்டையைப் பிச்சுக்கிறதுக்கு, நேரா போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார் மேலாளர்.

அப்படித்தான் அவள் அந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது ஏலக்காரரின் மனைவி. இடுப்பில் துண்டு செருகியிருந்தார், கையில் ஈரம்.

"கம்பெனியிலேர்ந்து வர்றேம்மா. நான்தான் அந்த டிரைவர்..."

"வாம்மா, வா. வண்டியைக் கீழ எங்க நிறுத்தினே? அந்த நீலக் கதவு முன்னாடி மட்டும் வேணாம். அந்த வீட்டுக்காரர் கத்தியே ஊரைக் கூட்டிடுவார்."

அவள் தட்டுத்தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரப்பே இல்லாத, சீப்பால் வாரியது போன்ற இயந்திரக் குரல். "அவங்க வண்டி ஓட்டுறவங்க இல்ல. இந்தப் பலகையை ஓட்டுறவங்க. உள்ள வாங்க டிரைவரம்மா."

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அவர். பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் கூடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கும் தொண்டை என்று பெயர் வாங்கியவர். இப்போது தொண்டையும் இல்லை, கைகால்களும் இல்லை என்ற நிலை. நோய் தசைகளை மட்டும்தான் தின்றிருந்தது. தோலுக்கு உணர்ச்சி அப்படியே இருந்தது. ஈ வந்து உட்கார்ந்தால் தெரியும், விரட்டத்தான் முடியாது. கண்கள் மட்டும் ஏலக்கூடத்தில் யார் கை தூக்குகிறார்கள் என்று தேடும் அதே துறுதுறுப்போடு இருந்தன.

"ஒரு ஜோக் சொல்றேன்" என்றது பலகை. "நீங்களே பாருங்க கோளாறை."

அவர் எழுத்துகளைக் கோக்க, அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பிறகு குரல் புறப்பட்டது.

"ஒருத்தன் ஏலத்துல கட்டில் எடுத்தான். விடிய விடிய வண்டி ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். போர்வையை எடுத்துப் பாத்தா அதுமே... ஏ... ஏ..."

குரல் ஆழக் கிணற்றுக்குள் இறங்குவது போல் இழுத்து, நின்றுவிட்டது. அடுக்களையிலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார்: "அது மேல அவன் மாமனார் தூங்கிக்கிட்டிருக்காராம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தான் சொல்றாரு."

அதன் பிறகு பலகைக்கு உயிர் வந்தது. "...ல அவன் மாமனார் தூங்கிட்டிருக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. ஏலக்காரர் கண்களை மூடிக்கொண்டார். எழுந்து வெளியே போக முடியாதவருக்கு அதுதான் எழுந்து வெளியே போவது என்று அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது.

அவள் மடிக்கணினியைப் பலகையோடு இணைத்துப் பார்த்தாள். வெயில் நேராகத் திரைமேல் விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் எழுத்து தெரிய வேண்டுமென்று திரை தன் முழு வெளிச்சத்தையும் கொட்டியது. கேமரா ஓயாமல் படம் பிடித்தது. செயலி மூச்சு வாங்க ஓடி, சூட்டின் எல்லையைத் தொட்டது. தொட்டவுடன் அவளுடைய டிரைவர் அதன் வேகத்தை ஒரேயடியாக அடிமட்டத்துக்கு இறக்கியது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி உச்சத்துக்கு ஏற்றியது. உடனே மறுபடி சூடு, மறுபடி இறக்கம். ஓடுகிற மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுப்பது போல. அலுவலகத்து அறையில் சூடு எல்லையைத் தொட்டதே இல்லை. அதனால் இந்தக் கூத்தை அவள் பார்த்ததும் இல்லை.

"கொஞ்சம் நிழல்ல தள்ளி உக்காந்தா சரியாயிடுங்க ஐயா" என்றாள்.

கண் திறந்தது. பதில் மெதுவாக வந்தது. "நிழல்ல உக்காந்தா பேச முடியும். ஆனா அங்கேர்ந்து பாக்குறதுக்கு சுவர்தான் இருக்கு. சுவரைப் பாத்துட்டு என்னத்தப் பேசுறது?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே தெருவில் ஒருவர் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார். பேச நிறையவே இருந்தது.

அலுவலகத்தில் சூட்டின் எல்லையைத் தீர்மானிப்பவனுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். எதற்கும் பதறாதவன். போதாக்குறைக்கு, எந்தக் கூட்டத்திலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது "சூடு அதிகம்" என்பதாகத்தான் இருக்கும். மறுநாள் காலை அவன் மேசைக்குப் போனாள்.

"எல்லையைக் கொஞ்சம் மேல ஏத்தலாமா?"

"சிப்பு தாங்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது." அவன் பலகையின் முதுகுத் தகட்டைத் தட்டினான். "இது சூடாகும். ஆனா விதிமுறை சொல்ற அளவுக்குள்ளதான் இருக்கும். தொட்டா, ஐயோன்னு இருக்காது."

இருவரும் அதைச் சோதித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பலகையைக் காயவைத்து, முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். சூடுதான், ஆனால் தாங்கக்கூடிய சூடு. சட்டென்று கையை எடுக்கத் தோன்றவில்லை. அன்று மாலையே புதிய டிரைவரை ஏலக்காரர் வீட்டுப் பலகைக்கு இணையம் வழியே அனுப்பினாள்.

இரண்டொரு நாளில் ஏலக்காரர் வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"நேத்து சாயங்காலம் பூரா சண்டைம்மா!"

"ஐயய்யோ, எதுக்குங்க?"

"என் தம்பி கல்யாணத்துல எங்க அப்பா இவருக்குச் சரியா மரியாதை பண்ணலையாம். அது நடந்து எத்தனையோ வருஷம் ஆச்சு! நான் ஒண்ணு சொன்னா அவர் ஒண்ணு சொல்றாரு. முன்ன மாதிரி நடுவுல நிக்கவே இல்லம்மா. இந்தப் பலகை வந்த நாள்லேர்ந்து நான்தான் பேசுவேன், அவர் கேட்டுக்கிட்டிருப்பாரு. நேத்துதான் எனக்குச் சரிக்குச் சரி பதில் கிடைச்சுது. கடைசில நான்தான் தோத்தேன்."

அவள் போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கட்டியிடம் சொன்னபோது அவனுக்கும் சிரிப்பு வந்தது, அது அபூர்வம்.

ஆனால் அடுத்த வாரம் வந்த போனில் பூரிப்பு இல்லை. "நீ கொஞ்சம் வந்துட்டுப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார் அம்மா.

போனபோது ஏலக்காரரின் இடது முன்கையில் களிம்பு பூசியிருந்தது. களிம்புக்கு அடியில், மடித்த கைக்குட்டை அளவுக்குச் சிவந்து, ஓர் ஓரத்தில் தோல் கொப்பளித்திருந்தது. குளிப்பாட்டும்போதுதான் அம்மா பார்த்திருக்கிறார். மருத்துவர் வந்து போய்விட்டார், ஆறிவிடும் என்றிருக்கிறார். நாற்காலியைச் சாய்க்கும்போது பலகை தாங்கி கொஞ்சம் இறங்கி, பலகையின் முதுகு அவர் கைமேல் படிந்துவிடுகிறது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. படிந்தால் என்ன, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மற்றவர்களானால் அரை நிமிடத்தில் தங்களையறியாமல் கையை நகர்த்தியிருப்பார்கள்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்ததும், எடுக்கத் தோன்றவில்லை என்று திருப்திப்பட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"ஐயா, உங்களுக்கு எரியலையா?"

"எரிஞ்சுது."

"அப்போ ஏன் சொல்லலை? பேசத்தான் முடிஞ்சுதே!"

அவர் பார்வை திரையில் கொஞ்ச நேரம் அலைந்தது. "சொன்னா பழசைத் திரும்பப் போட்டுடுவீங்க."

அம்மா வாசற்படியில் நின்றபடி, "என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே. கையை நகத்தி வெச்சிருப்பேனே" என்றார்.

"நீ உடனே இவங்களுக்குப் போன் பண்ணுவே. பண்ணினே இல்ல?" பிறகு டிரைவரம்மாவின் பக்கம் கண்கள் திரும்பின. "என் கை. எனக்குச் சம்மதம். அப்படியே விட்டுடுங்க."

"கை உங்களுதுதாங்க. ஆனா சுட்டது நான் எழுதினது" என்றாள் அவள். "தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க. ஆனா இதை இப்படியே விட்டுட்டு நான் எழுந்து போக முடியாது."

தாங்கியின் திருகை இறுக்கிப் பலகையைக் கையைவிட்டு விலக்கி வைத்தாள். அதோடு நிறுத்தவில்லை. பழைய டிரைவரையும் திரும்பப் போட்டாள். அவள் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஏலக்காரர் கண்களை மூடிக்கொண்டார். கிளம்பும்போதும் திறக்கவில்லை.

நடந்ததை அவள் ஐஸ்கட்டியிடம் சொன்னாள். "இவர் வீட்டுல திருகை இறுக்கிட்டே. மத்தவங்க மடியில வெச்சிருப்பாங்க, படுக்கையில பக்கத்துல போட்டிருப்பாங்க" என்றான் அவன். "அந்த விதிமுறையை எழுதினவங்க, சுட்டா கையை எடுத்துடுவாங்கன்னு நெனச்சு எழுதியிருக்காங்க. நானும் அதையே நம்பிட்டேன்."

அடுத்த நாள் அவன் செய்த காரியத்தை அலுவலகமே வேடிக்கை பார்த்தது. வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பலகையைத் தன் முன்கைமேல் வைத்துத் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டான். சாப்பாட்டு வேளை தாண்டும்வரை அசையவில்லை. அவள் பக்கத்தில் இருந்து சூட்டைப் படிப்படியாக ஏற்றி இறக்கினாள்.

"எடுத்துடணும்னு தோணுதா?"

"எப்பவோ தோணிடுச்சு."

"பின்ன ஏண்டா கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"தோணினதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் ஆனா தோல் சிவக்குதுன்னு பாக்கணும். அவிழ்க்காதே."

இப்படிப் பலநாள் பார்த்து, மருத்துவர் ஒருவரோடும் கலந்தாலோசித்து, அவன் ஒரு புதிய எல்லையைச் சொன்னான். அது அவள் ஏற்றிய எல்லையைவிட மட்டுமல்ல, முதலில் இருந்ததைவிடவும் தாழ்ந்தது. அவளுக்குத் தலை சுற்றியது. இருந்த சூட்டிலேயே குரல் இழுத்தது. இப்போது அதைவிடக் குறைந்த சூட்டில் அந்த மனிதரைத் தங்குதடையில்லாமல் பேசவைக்க வேண்டும்.

சூடு எங்கே செலவாகிறது என்று வரவு செலவு பார்க்க உட்கார்ந்தாள். பார்த்தால், குரலுக்கு ஆவது கொசுறுதான். பெரும் பங்கைத் தின்றது காத்திருப்பு. அவர் எப்போது எந்த எழுத்தைப் பார்ப்பாரோ என்று கேமராவும் செயலியும் ஓயாமல் விழித்திருந்தன. ஆனால் அவரோ முக்கால்வாசி நேரம் பலகையையே பார்ப்பதில்லை. அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோது கண்ணால் கண்டது அது. அவர் தெருவைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார், மேலே ஓடும் மின்விசிறியைப் பார்ப்பார். பேச ஏதாவது கிடைத்த பிறகுதான் திரைக்கு வருவார்.

அவர் வேறெங்காவது பார்க்கும்போது செயலியைத் தூங்கவைத்தால் என்ன?

டிரைவரை அடியிலிருந்து மாற்றி எழுதினாள். பார்வை திரையைவிட்டு விலகினால் கேமரா நிதானமாகப் படம் பிடிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே செயலி ஆழ்ந்து உறங்கும். பார்வை திரும்பினால் எழுந்துவிடும். கேட்க எளிதாக இருந்தது. முதல் முயற்சியில் அது கும்பகர்ணனாகத் தூங்கியது. அவள் திரையைப் பார்த்து "வாங்க" என்று கோத்தால் பலகை "ங்க" என்றது. "போதும்" என்றால் "தும்". செயலி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவதற்குள் முதல் எழுத்து போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் ஒருவரையொருவர் "தும்மா?" "தும், தும்" என்று கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். பிறகு, கண் திரைக்கு வந்து சேர்ந்த பின் எழுவதற்குப் பதில், திரையை நோக்கித் திரும்பத் தொடங்கும்போதே எழும்படி மாற்றினாள். எழுத்துகள் தப்பிக்கவில்லை.

இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் கடும் வெயிலில் சூடு எல்லைக்கு வரத்தான் செய்யும். அப்போது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எதை? பழைய டிரைவரில் அதை யாரையும் கேட்காமல் அவளே முடிவு செய்திருந்தாள். இந்த முறை ஏலக்காரரிடமே கேட்கப் போனாள்.

அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்க்கவே இல்லை. கையில் கொப்புளம் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தபடி காத்திருந்தாள். கோபமாக இருப்பவரை அவசரப்படுத்துவதில் பிரயோஜனமில்லை.

"என்னென்ன குறைக்கலாம்?" என்றது குரல், ஒருவழியாக.

"திரை மங்கலாகலாம். கண்ணைப் பின்தொடர்றது மெதுவாகலாம், அப்போ எழுத்து கோக்க நேரமாகும். இல்லேன்னா குரல்."

"நான் கோக்குறதுக்கு நேரமானா கேக்குறவங்க காத்திருப்பாங்க. பேச ஆரம்பிச்ச அப்புறம் நடுவுல நிறுத்தினா எழுந்து போயிடுவாங்க." கண்கள் ஒரு கணம் அடுக்களைப் பக்கம் போய் வந்தன. "இல்லேன்னா அவங்களே முடிச்சுடுவாங்க. குரல்ல மட்டும் கை வைக்காதீங்க. மத்ததெல்லாம் எடுத்துக்குங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிட்டு எடுங்க."

அதையே டிரைவரில் வரிசையாக வைத்தாள். வேகம் இனி படிப்படியாக இறங்கும். முதலில் திரை மங்கும், பிறகு கேமரா நிதானிக்கும். சொல்லத் தொடங்கிய வாக்கியம் முடியும்வரை குரலைத் தொடக்கூடாது. எல்லை நெருங்குகிறது என்று திரையின் மூலையில் ஒரு சின்னக் குறி முன்னதாகவே தெரியும்.

அதைப் பொருத்திய அன்று அம்மாவின் தம்பி வந்திருந்தார். ஏலக்கூடத்தில் இப்போது சுத்தியலைத் தட்டுபவர் அவர்தான். ஐஸ்கட்டியும் கூட வந்து, பலகையின் முதுகில் வெப்பமானியை ஒட்டிவிட்டு, அழைக்காத விருந்தாளி போல் ஒரு மூலையில் நின்றான். நல்ல வெயில். நாற்காலி ஜன்னலோரமே இருந்தது.

"அத்தான், ஏதாவது பேசுங்க, பாப்போம்" என்றார் தம்பி.

"பேசுறது எதுக்கு? நீ உக்காந்திருக்கிற சோபாவை ஏலம் விடுறேன். மச்சான், எழுந்திரு. சரக்கு மேல உக்காந்து விலை கேக்கக்கூடாது."

தொடங்கிவிட்டார். சோபாவின் கால் நான்கும் நான்கு விதமாக ஆடுவதை நடனம் என்று வர்ணித்தார். அதில் உட்கார்ந்தவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை என்றார். தம்பி விலை கேட்டார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, தன் சோபாவுக்குத் தானே எதிர்விலை கேட்டார். டிரைவரம்மா மடிக்கணினியில் சூட்டுக் கோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் குறி தோன்றியது. திரை லேசாக மங்கியது. அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டார். வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஆனால் தொடங்கிய வாக்கியம் ஒன்றும் அறுந்துபோகவில்லை. அந்த இடைவெளியை அவர் கேட்பவர்களைத் தவிக்கவிடப் பயன்படுத்திக்கொண்டார்.

"ஒரு தரம்" என்றது குரல். நெடிய மௌனம். "ரெண்டு தரம்." தம்பி பொறுக்க முடியாமல் விலையை ஏற்றினார். யாரும் அவரோடு போட்டியிடவில்லை என்பதை அப்புறம்தான் உணர்ந்தார்.

"அத்தான், இது அநியாயம்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏலக்காரரின் முகத்தில் அசைய முடிந்த கொஞ்சநஞ்ச இடமும் சிரித்தது. ஐஸ்கட்டி யாரையும் கேட்காமல் பலகையின் அடியில் கையை விட்டு, அங்கேயே வைத்திருந்தான். வெகுநேரம் கழித்து அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

அந்த டிரைவர் பிறகு எல்லா வீடுகளுக்கும் போனது. குறைகள் இல்லாமல் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் சிலருக்குச் செயலி விழிக்கத் தாமதமாகிறது என்றார்கள். அதைத் திருத்த இன்னும் சில வாரங்கள் பிடித்தன. யாரும் கேட்காத நன்மை ஒன்றும் கூடவே வந்தது. செயலி இடையிடையே தூங்கியதால் பேட்டரி நீடித்தது. அதைப் பற்றி அவளோ ஐஸ்கட்டியோ யோசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஒரு முற்பகலில் மேலாளர் தன் போனை நீட்டியபடி வந்தார். அவர்கள் கண்டிராத யாரோ ஒரு பெண் அனுப்பியிருந்த குரல் செய்தி. "என் அண்ணனோட பலகை முன்னெல்லாம் மதியமே அணைஞ்சுடும். சார்ஜ் போட்டா வயர் நீளம் பத்தாது, சுவரோரமாவே இருக்கணும். இப்ப சாயங்காலம்வரைக்கும் வருது. நேத்து பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க உக்காந்திருந்த ஒருத்தர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தான். யார்னே தெரியாதவங்க. என்ன பேசினான்னு எனக்குச் சொல்ல மாட்டேங்கிறான்."

ஐஸ்கட்டி அதை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டான். பிறகு எழுந்து தேநீர் போடப் போனான். போகிற வழியில் அவளுடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டான்.